திருத்துகிறவரும் வாசிக்கிறவரும்

உலகத்தில் மிக அதிகமாக எழுதப்பட்டு, மிகக் குறைவாக வாசிக்கப்படும் இலக்கியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவேன். கல்லூரி மாணவர்கள் எழுதும் வியாசந்தான் அது. வருஷந்தோறும் நம் தேசத்தில் எழுதப்படும் வியாசங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கம்பனும் வில்லிபுத்தூராரும் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வியாசத்துக்கும் ஒரே ஒரு வாசகர். அவரும் ஆசைப்பட்டு வாசிக்கிறவர் அல்ல. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே பிழை இருக்கிறது என்று தேடுகிறவர். அவர் மதிப்பெண் போட்ட பிறகு அந்தக் காகிதங்கள் அலமாரியில் சில காலம் உறங்குகின்றன. பிறகு பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. கடைசியில் வேர்க்கடலைப் பொட்டலமாகி யார் கைக்காவது வந்து சேரும்போதுதான் அந்த வியாசத்துக்கு உண்மையான வாசகர் ஒருவர் கிடைக்கிறார். கடலை தீரும்வரையில் அவர் வாசிக்கிறார்.

இதை வெறும் கேலிக்காகச் சொல்லவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். திருத்துகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு. நாம் சொல்லப் போவது திருத்துகிறவருக்கு முன்பே தெரியும். நமக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. வாசிக்கிறவருக்கோ அது தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையினால்தான் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். தெரிந்தவரிடம் தெரிந்ததையே ஒப்பிக்கும்போது சொற்கள் கைகட்டி நிற்கின்றன. தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் அவை கால் முளைத்து நடக்கின்றன.

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். அந்த இரண்டு வருஷத்தில் எழுதிய வியாசங்களில் ஒன்றாவது இப்போது நினைவில் இல்லை. ஆனால் விடுதியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் நான் எழுதிய இரண்டரைப் பக்கக் கதை மட்டும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. காரணம், விடுதிச் சமையற்காரர். அவர் அதைப் படித்துவிட்டு, ரசம் பரிமாறிக்கொண்டே, "தம்பி, உன் கதையிலே அந்த அம்மா புளியைக் கரைக்காமலே ரசம் கூட்டிட்டாங்களே!" என்றார். அதுவும் ஒரு திருத்தந்தான். ஆனால் கதையை உண்மை என்று நம்பிப் படித்தவர் சொன்ன திருத்தம் அது. அன்றைக்கே நான் எழுத்தாளனாகிவிட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

நம் கல்லூரிகளில் எழுத்து இப்படி வாசகர் இல்லாத அனாதையாக எப்படி ஆயிற்று? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

* * *

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். விரலால் எழுதி, உள்ளங்கையால் அழித்து, மறுபடியும் எழுதினார்கள். 1789-ஆம் வருஷம் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மேற்பார்வையாளராக வந்தார். நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை ஒருநாள் பார்த்தார். தம்முடைய பள்ளியிலும் மணலைப் பரப்பினார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் திண்ணை மணல் கடல் கடந்து போய்ப் புகழ் பெற்ற கதை இது.

மணலில் எழுதியது ஒரு நிமிஷத்தில் அழிந்துவிடும். அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதில்லை. அது கைப்பழக்கத்துக்காக எழுதியது. ஒருவன் நூல் என்று ஒன்றை இயற்றிவிட்டால் அதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. அதுதான் அரங்கேற்றம். படித்தவர்களும் பாமரர்களும் கூடிய சபையில் ஆசிரியனே தன் நூலை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பனே அதற்காகத் திருவரங்கத்தில் பட்ட பாடுகளைக் கர்ண பரம்பரைக் கதைகள் விரித்துச் சொல்கின்றன. ஆக, பயிற்சிக்கு மணல், படைப்புக்குச் சபை. இந்த இரண்டும்தான் நம்மிடம் இருந்தன.

1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாக வைத்து அமைத்தார்கள். அந்த மாதிரியில் ஒரு விசேஷம் உண்டு. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது சர்வகலாசாலையின் வேலை. பாடம் சொன்ன ஆசிரியர் வேறு. விடையைப் படிக்கிற பரீட்சகர் வேறு. பரீட்சகருக்கு மாணவனின் முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. அவனுக்கு ஓர் எண் மட்டும் உண்டு. பாரபட்சம் இருக்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் அதன் பலன் என்ன ஆயிற்று? முகமில்லாத ஒருவருக்கு முகமில்லாத ஒருவன் எழுத வேண்டியதாயிற்று. அப்படி எழுதும்போது சொந்தமாக ஒரு வார்த்தை எழுத யாருக்குத் தைரியம் வரும்? நோட்ஸ் வியாபாரம் அங்கேதான் கால் ஊன்றியது. அது இன்றுவரையில் நஷ்டமே காணாத வியாபாரம்.

இது நம் தேசத்துக்கு மட்டும் நேர்ந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1880களில் பாரெட் வெண்டெல் என்ற ஆசிரியர், தினந்தோறும் ஒரு சிறு வியாசம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு வகுத்தார். அன்றன்று கண்ணால் கண்டதையே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல யோசனை. ஆனால் அதற்கும் வாசகர் ஆசிரியர்தாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான வியாசங்களைத் திருத்தும் மனிதரின் நிலைமையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சுவரில் அங்கங்கே ஜன்னல்கள் திறக்காமல் இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1883-ல் தனக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியது. அந்தக் கல்லூரியில் படித்த அ. மாதவையா அதில் எழுதிப் பழகியவர். 1898-ல் 'பத்மாவதி சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலுக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவரானார். அச்சுக்குப் பணம் இல்லாத இடங்களில் கையெழுத்துப் பத்திரிகைகள் கிளம்பின. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதும், பிறகு 1942-ல் 'முரசொலி'யைத் தொடங்கியதும் பலருக்குத் தெரிந்த செய்தி. அவருடைய அரசியலை ஏற்கிறவர்களும் ஏற்காதவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகலாம். அந்தப் பையன் பரீட்சகருக்காக எழுதவில்லை. பக்கத்து வீட்டாருக்காக எழுதினான். ஆனால் இந்த ஜன்னல்கள் எல்லாம் வகுப்புக்கு வெளியேதான் திறந்தன. வகுப்புக்குள்ளே சிவப்புப் பேனா தன் ஆட்சியை விடவில்லை.

* * *

இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கியது கொல்லிமலையில். ஒரு நாவலுக்காகச் செம்மேட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். நாமக்கல் பக்கத்திலிருந்து போகிறவர்கள் காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக வேண்டும். நாற்பதாவது வளைவுக்கு மேல் வயிறு நம் வசத்தில் இருக்காது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டாலோ, பலாவும் மிளகும் வாழையும் குளிர்ந்த காற்றுமாக, கீழே இருக்கிற வெயில் வேறு உலகத்து வெயில் என்று தோன்றும்.

கொல்லிமலையைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியைப் பாடினார்கள். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடிய வேட்டையைக் கேட்டு வியக்காதவர் யார்? அறப்பளீசுவரர்மேல் அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடினார். வெள்ளைக்காரர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், இந்த மலைவாசிகளான மலையாளிகளைப் பற்றியும் நீளமாக எழுதினார். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து மூன்று மலைகளில் குடியேறியதாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

புலவர் எழுதினார், கவிராயர் எழுதினார், துரை எழுதினார். எல்லோரும் மலைக்கு வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் எழுதியதை மலையிலுள்ளவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?

மலையில் வாழ்ந்துகொண்டே, ஒரே ஒரு வாசகனுக்காக மலையைப் பற்றி எழுதிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். 1913-ல் மனைவி ஈவ்லினுடன் கொல்லிமலையில் குடியேறியவர். சமயப் பணிக்காக வந்தவர்கள் அவர்கள். அந்தப் பணியைப் பற்றிய விவாதம் இங்கே தேவையில்லை. 1914-ல் அவர்களுக்கு இந்த மலையிலேயே ஒரு மகன் பிறந்தான். அவன்தான் பால் பிராண்ட். பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பிராண்ட்.

அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா பாடம் சொல்வாள். பையன் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடுவான். போட்ட தாளை மேலேயிருந்து கீழே போடுவான். கீழே இருக்கிற அம்மா அதைப் பார்த்துத் திருத்துவாள். அப்பாவோ காட்டுக்கு அழைத்துப் போய்க் கறையான் புற்றைக் காட்டுவார். 1923-ல், ஒன்பது வயதில், பையனைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு தகப்பனார் செய்த காரியந்தான் நமக்கு முக்கியம். அவர் மகனுக்கு விடாமல் கடிதம் எழுதினார். இன்று எந்த மரம் பூத்தது, எந்தப் பூச்சியைக் கண்டேன், மலை உச்சியில் காற்று எப்படி வீசியது என்று கொல்லிமலையையே உறையில் போட்டு அனுப்பினார்.

1929 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் மலைச் சுரத்தில் இறந்துபோனார். லண்டனுக்குத் தந்தி உடனே போய்விட்டது. ஆனால் கடிதங்கள் கப்பலில் அல்லவா போக வேண்டும்? தகப்பனார் இறந்த செய்தி கிடைத்த பிறகும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பதினைந்து வயதுப் பையன் அதைப் பிரித்துப் படித்தான். கொல்லிமலை அந்தக் கடிதத்தில் அப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தது.

மருத்துவரான மகன் 1946-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார். தாயார் முதுமையில் மறுபடியும் மலைகளுக்கே போய் உழைத்து, 1974-ல் காலமானார். டாக்டர் பிராண்ட் 2003-ல் மறையும்வரையில், தகப்பனார் சுட்டிக்காட்டிய புற்றையும் மரத்தையும் மறந்ததில்லை. எந்தச் சர்வகலாசாலையும் அந்தக் கடிதங்களுக்கு மதிப்பெண் போடவில்லை. ஆனாலும் அவற்றைக் காட்டிலும் நல்ல இயற்கைப் பாடம் எந்தக் கல்லூரியில் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆவலோடு காத்திருந்த வாசகன் ஒருவனுக்காக எழுதியவை அவை.

* * *

கடிதத்தின் இந்தச் சக்தியை வகுப்புக்குள்ளே கொண்டுவர முடியுமா? முடியும் என்று காட்டிய மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றும் மலைப் பிரதேசத்தில் நடந்தவை என்பது ஆச்சரியமான பொருத்தம்.

முதலாவது, பிரான்ஸ் தேசத்தில் செலெஸ்டின் ஃப்ரெனே. முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் குண்டுபட்டவர். ஓயாமல் பேசிப் பாடம் நடத்த மூச்சு இடம் கொடுக்கவில்லை. பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கு 1924-ல் சிறிய அச்சு யந்திரம் ஒன்றை வாங்கினார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் எழுதினார்கள்; தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள்; தொலைவில் கடற்கரையிலிருந்த வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கடலைப் பற்றிப் பதில் வந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எழுத்துப்பிழை திருத்த அவர் யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. ஈய எழுத்தைக் கையில் எடுத்துக் கோக்கிறவன் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துத்தான் தீர வேண்டும்.

ஆனால் இதிலே ஆபத்தும் உண்டு. பிறகு அவர் செயின்ட்-பால் என்ற ஊருக்கு மாற்றலானார். அங்கே ஒரு பையன், வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஊர் மேயருக்கு விரோதமாகக் கிளம்பியதாகக் கனவு கண்டேன் என்று எழுதிவிட்டான். எதிரிகள் அதை எடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டினார்கள், கலகம் மூண்டது. 1933-ல் ஃப்ரெனே அந்தப் பள்ளியை விட்டுப் போகும்படி ஆயிற்று. வாசகர் கிடைத்தால் விரோதியும் கிடைப்பான் என்பதைக் கதாசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

இரண்டாவது, இத்தாலியில் லோரென்ஸோ மிலானி என்ற பாதிரியார். மேலிடத்தாருக்குப் பிடிக்காததால் 1954-ல் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். பள்ளிகளில் தேறாமல் துரத்தப்பட்ட குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967-ல் அது புத்தகமாக வந்து தேசத்தையே குலுக்கியது. எழுதிய முறைதான் விசேஷம். தோன்றுகிற யோசனையை ஒவ்வொருவரும் துண்டுக் காகிதத்தில் குறிப்பார்கள். எல்லாத் துண்டுகளையும் மேஜையில் பரப்பி, ஒன்று சேர்த்து, வரிசைப்படுத்துவார்கள். பிறகு வேண்டாத சொற்களை வெட்டுவார்கள். கடைசியில் வெளியார் சிலரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் தெரியுமா? அதிகம் படிக்காதவர்களை. அவர்களுக்கு விளங்காவிட்டால் வாக்கியத்தைத் திரும்ப எழுதுவார்கள்.

மூன்றாவது, அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து மலைப் பள்ளி. 1966-ல் அங்கே மாணவர்கள் பாடத்தில் மனம் செல்லாமல் வகுப்பைக் குலைத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அவர்களையே ஒரு பத்திரிகை நடத்தச் சொன்னார். அவர்கள் தங்கள் பாட்டன் பாட்டிகளிடம் போய், மரவீடு கட்டுவது எப்படி, பன்றி இறைச்சியைப் பதப்படுத்துவது எப்படி, நட்சத்திரம் பார்த்து விதைப்பது எப்படி என்று கேட்டு எழுதினார்கள். இருட்டில் மினுக்கும் ஒருவகைக் காளானின் பெயரைப் பத்திரிகைக்கு வைத்தார்கள்: 'ஃபாக்ஸ்ஃபயர்'. 1972-ல் அது புத்தகமாகி லட்சக்கணக்கில் விற்றது. அந்த ஆசிரியரின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. 1992-ல் சிறுவன் ஒருவனுக்கு இழைத்த கொடுமைக்காக அவர் தண்டிக்கப்பட்டார். அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் கிழவர்களைத் தேடிப் போன பிள்ளைகளின் உழைப்பை மறைக்கவும் வேண்டியதில்லை.

* * *

நம் ஊருக்குத் திரும்புவோம். சுற்றுச்சூழலை எல்லாக் கல்விநிலையிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ல் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகப் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப் படிப்பு மாணவர்கள் அனைவருக்கும் ஒரு பாடத்திட்டம் வகுத்தது. நதியோ காடோ மலையோ ஏதாவது ஒன்றை நேரில் பார்த்து, அதன் செல்வங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதிலே ஒரு பகுதி இருந்தது. எவ்வளவு அருமையான ஏற்பாடு! அதை எழுதியவர்களுக்கு நான் இங்கிருந்தே ஒரு கும்பிடு போடுகிறேன்.

நடப்பது என்ன? நான் செம்மேட்டில் இருந்தபோது ஒரு கல்லூரிப் பேருந்து வந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். எல்லாக் கல்லூரியும் அதுதான். பிள்ளைகள் இறங்கி, ஆகாய கங்கை அருவிக்குப் போய் நனைந்து, அறப்பளீசுவரர் கோயிலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு பெண் மட்டும் சந்தைப் பக்கத்தில் சாமை விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் மிளகு பார்க்கிற பாவனையில் நின்றேன்.

"இது ஒரே சாமையா பாட்டி?" என்றாள் அந்தப் பெண்.

பாட்டிக்குச் சிரிப்பு வந்தது. "ஒரே சாமையா? கட்டவெட்டின்னு ஒண்ணு, மல்லியச் சாமைன்னு ஒண்ணு, பெருஞ்சாமைன்னு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மண்ணு கண்ணு."

"இப்ப ஏன் எல்லாரும் மரவள்ளியே போடுறாங்க?"

"உரல்ல சாமை குத்திப் பாத்திருக்கியா நீ? குத்தி முடிக்கறதுக்குள்ள தோளு கழண்டுடும். ரேஷன்ல அரிசி வந்துச்சு. மரவள்ளிக்குக் காசு வந்துச்சு. அப்புறம் யாரு குத்துவா?"

மலைப் பயிர் ஒன்று மறைவதற்கான காரணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. கொல்லிமலையில் பல வருஷங்களாக வேலை செய்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், ஊர்க் குழுக்களுக்குச் சிறுதானியம் குத்தும் யந்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கும் இதுவேதான் காரணம். பெண்களின் தோள் வலியை யோசிக்காமல் விதையைக் காப்பாற்ற முடியாது.

அந்தப் பெண்ணிடம், "இதையெல்லாம் அறிக்கையில் எழுதுவாய் அல்லவா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். அறிக்கை ஏற்கெனவே ரெடி. போன வருஷத்து அக்கா கொடுத்தாங்க. கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம், எவ்வளவு மழை, அதுதான் வரணும். இதை எழுதினால் யாரு சார் படிக்கப் போறாங்க? பக்கத்தை எண்ணுவாங்க, அவ்வளவுதான்."

அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண் அவள். கேட்ட பதிலை வைக்க ஓர் இடந்தான் அவளுக்கு இல்லை. பாட்டியின் வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வருஷத்துக்கு எத்தனை பேருந்துகள் அந்த மலை ஏறுகின்றன! எத்தனை பாட்டிகள் சொன்னது எத்தனை பிள்ளைகளின் காதோடு நின்றுபோகிறது! மழை அளவு எந்தக் காரியாலயத்துக்குப் போனாலும் கிடைக்கும். எந்த மண்ணுக்கு எந்தச் சாமை என்பது அந்தப் பாட்டியோடு போய்விடும்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. மாதவ் காட்கில் என்ற உயிரியல் அறிஞர் 1990களில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக் கல்லூரிகளின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூட்டி, ஊர் ஊராகப் போய் மரம், மீன், பறவை ஆகியவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததைப் பதிவு செய்யும் வேலையில் ஈடுபடுத்தினார். அந்த முயற்சிகளையொட்டி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற கருத்து வளர்ந்தது. 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியும் அப்படி ஒரு பதிவேட்டை ஊராரோடு கலந்து தயாரிக்க வேண்டும் என்று 2004-ல் விதியும் ஏற்பட்டது. மாணவனின் வியாசம் சட்டத்தின் ஏட்டிலே இடம் பெற இதைவிட நல்ல வாசல் எங்கே இருக்கிறது?

* * *

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "எல்லாவற்றையும் எழுதி ஊரறியப் பரப்பிவிட்டால், மூலிகை ரகசியத்தை எவனாவது வியாபாரி கொண்டுபோய்விட மாட்டானா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அகத்தியமலையில் 1987-ல் ஆராய்ச்சியாளர்களோடு போன காணிக்கார இளைஞர்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு பழத்தைத் தின்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஜீவனி' என்ற மருந்து. அதை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தபோது கிடைத்த தொகையில் பாதி காணிக்காரர்களுக்குச் சேர வேண்டும் என்று ஆராய்ச்சி நிலையத்தார் ஏற்பாடு செய்தார்கள். அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் சொல்லப்பட்டன. ஆனால் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்ற எண்ணமாவது நிலைநின்றது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சொன்னவருக்கே இருக்க வேண்டும். மாணவன் அதைக் கேட்டுக்கொண்டு எழுதுவதும் ஒரு படிப்புத்தான்.

"கூச்சமுள்ள பிள்ளைகளை ஊரார் முன்னால் நிறுத்தலாமா?" என்பது அடுத்த கேள்வி. ஃப்ரெனேயின் பையன் கண்ட கனவு சுவரில் ஏறிய கதையை முன்பே சொன்னேன். மனத்தில் உள்ளதையெல்லாம் சபைக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. சொந்த வேதனையை எழுதுகிறவனுக்குப் பெட்டியில் பூட்டி வைக்கும் உரிமையும் வேண்டும். ஆனால் சாமையைப் பற்றியும் சுனையைப் பற்றியும் எழுத என்ன கூச்சம்?

"ஆசிரியர்களுக்கு நேரம் ஏது?" என்பது மூன்றாவது கேள்வி. அறுபது பேர் ஒரே அறிக்கையை அறுபது தடவை எழுதிக் கொடுப்பதை எண்ணுவதற்கு இப்போது செலவாகும் நேரம் போதும். அறுபது பேரும் சேர்ந்து ஒரே புத்தகம் எழுதட்டும். பார்பியானாப் பிள்ளைகளைப் போல.

என்னுடைய யோசனை மிகவும் சிறியது. கல்லூரிப் பேருந்து கொல்லிமலைக்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்குப் பதிலாக இரண்டு முறை வரட்டும். முதல் முறை கேட்பதற்கு. இரண்டாம் முறை வாசித்துக் காட்டுவதற்கு. எழுதிய புத்தகத்தைச் செம்மேட்டில் ஒரு மரத்தடியில் பிள்ளைகள் வாசிக்கட்டும். சாமை விற்ற பாட்டியும், தேன் எடுத்த பெரியவரும், அவர்களுடைய பேரன் பேத்திகளும் எதிரே உட்காரட்டும். "மல்லியச் சாமையை அந்த மண்ணிலா போடுவாங்க? நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று பாட்டி நடுவில் எழுந்து கேட்பாள். பிள்ளைகள் பேனாவை எடுத்துத் திருத்தட்டும். பிறகு ஒரு பிரதியை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலே வைத்துவிட்டு வரட்டும். அடுத்த வருஷம் வருகிறவர்கள் அதிலிருந்து காப்பி அடிக்க முடியாது. அதற்கு மேலே எழுத வேண்டியிருக்கும்.

நம் முன்னோர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் அரங்கேற்றம். புலவர்கள் நிறைந்த சபைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேதான் சபை. கொல்லிமலையில் விஷயம் தெரிந்தவர்கள் உரலடியிலும் கொல்லைமேட்டிலும் இருக்கிறார்கள். அந்தச் சபையில் திருத்துகிறவரும் வாசிக்கிறவரும் ஒருவரே ஆகிவிடுவார்கள். அவர்கள் கையில் சிவப்புப் பேனா இருக்காது. வேர்க்கடலை வேண்டுமானால் இருக்கலாம். தனியாக, வேறு காகிதத்தில் கட்டியது.